நண்டுக்கு எது அணியம்?

மூன்றாவது தடவையும் நண்டு குளத்தின் நடுவில் போய் அப்படியே நின்றுவிட்டது.

உயிருள்ள நண்டு இல்லை. இரண்டு பிவிசி குழாய்களை அருகருகே வைத்துக் கட்டி, அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை இருத்தி, அடியில் குழாய்க்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டர்களைப் பூட்டிய படகு அது. இறால் குளத்தில் ஓடித் திரிந்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று அளந்து, கரையில் நிற்பவரின் கையிலுள்ள பெட்டிக்கு வயரில்லாமல் சொல்லி அனுப்பவேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியின் கடைசி வருடச் செயற்திட்டமாக மயூரதியும் றிஸ்லாவும் எட்டு மாதமாக உயிரைக் கொடுத்துச் செய்தது. முதன்முதலில் தண்ணீரில் விட்ட அன்று நேரே போகாமல் பக்கவாட்டில் போனதால் றிஸ்லா அதற்கு நண்டு என்று பெயர் வைத்தாள். பக்கவாட்டில் போவதைத் திருத்தியாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"இழு புள்ள, இழு," என்றாள் றிஸ்லா, கைப்பெட்டியை வரம்பில் வைத்துவிட்டு. "இண்டைக்கும் செத்து மவுத்தாப் போச்சி."

மயூரதி தங்கூசி நூலைச் சுற்றத் தொடங்கினாள். நடுக்குளத்தில் நின்றால் யார் நீந்திப்போய் எடுப்பது என்று, அவளுடைய கணவன் சதீஸ்தான் படகின் ஒரு முனையில் அந்த மீன்பிடி நூலைக் கட்டிவிட்டிருந்தான். கச்சான் காற்று நூலை வில்லாக வளைத்தது. நண்டு தலையை ஆட்டி ஆட்டி, விளையாட்டில் தோற்று வீட்டுக்கு வரும் பிள்ளையைப்போல வந்தது.

"கடைசியா எத்தினை காட்டிச்சு?"

"கழித்தல் தொண்ணூத்தி மூணு. அதுக்குப் பொறகு ஒண்டுமில்ல."

கைப்பெட்டியின் சின்னத் திரையில் தெரியும் அந்த எண்தான் இருவருக்கும் எட்டு மாதமாக நாடித்துடிப்பு. கழித்தல் அறுபது என்றால் படகும் கைப்பெட்டியும் ஒன்றுக்கொன்று நன்றாகக் கேட்கின்றன. எண்பதைத் தாண்டினால் கேட்டும் கேட்காமலும் இருக்கும். தொண்ணூறைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும்.

போன வியாழக்கிழமை இதே குளத்தில், இதே காற்றில், எண்பது மீற்றர் தள்ளியிருந்த அக்கரை வரை போய்த் திரும்பிய படகு இது. அன்று அக்கரையில்கூட அறுபத்தேழுதான் காட்டியது. நேற்றிலிருந்து முப்பது மீற்றரில் செத்துவிடுகிறது. கல்லூரியின் மதிப்பீடு வருகிற வியாழன். இன்று செவ்வாய்.

சதீஸ் வரம்பு வழியாக வந்தான். அந்தப் பண்ணையில் அவன் மேற்பார்வையாளன். முதலாளியிடம் கெஞ்சி இந்தக் கடைசிக் குளத்தை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். கையில் ஒரு கடதாசிப் பை.

"மாலு பணிஸ். சாப்பிட்டிட்டு அழுங்க."

"ஆர் அழுதது?" என்றாள் மயூரதி.

"இன்னும் இல்ல. சாப்பிட்ட பிறகு எண்டுதானே சொன்னன்."

றிஸ்லா சிரித்தாள். மயூரதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குளத்தின் மூலையில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்த சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறாலுக்கு மூச்சுக் கொடுப்பதற்காக இரவும் பகலும் சுற்றும் துடுப்புச் சக்கரங்கள். அவற்றின் மோட்டர்கள் ரேடியோ அலையைக் குழப்புகின்றனவோ?

"என்னப்பா, அதுகளை ஒருக்கா நிப்பாட்டலாமா?"

சதீஸ் அவளையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு குளத்து இறால் மூச்சுமுட்டிச் செத்தால் அவன் வேலையும் அதோடு போய்விடும்.

"பத்து நிமிசம். பதினொண்டு எண்டா முதலாளி என்னைத் தூண்டிலில குத்துவார்."

அவன் மின்பெட்டியைத் திறந்து ஆளியை அணைத்தான். குளம் திடீரென்று ஊமையானது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். நண்டு மறுபடியும் புறப்பட்டது. இருபது மீற்றர், இருபத்தைந்து, முப்பது. திரை வெறுமையானது.

"சக்கரத்தில பிழையில்ல," என்று றிஸ்லா மெல்லச் சொன்னாள்.

பிறகு பண்ணைக் காரியாலயத்தின் வைஃபையை அணைத்துப் பார்த்தார்கள். பெட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். சனிக்கிழமை ஏற்றிய புதிய புரோகிராமை அழித்துவிட்டு, வியாழக்கிழமை ஓடிய பழையதை மீண்டும் ஏற்றினார்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்றைத் தொடக்கூடாது என்று கல்லூரியில் சேர் முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். ஒவ்வொன்றையும் பிழைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். வெயில் தாழும்போது குறிப்பேட்டில் ஏழு வரிகள் இருந்தன. ஏழிலும் கடைசிச் சொல் ஒன்றுதான்: மாற்றமில்லை.

மோட்டார் சைக்கிளில் சதீசின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது மயூரதி நண்டை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை ஓடாட்டி என்ன நடக்கும்?" என்று சதீஸ் கேட்டான்.

"அடுத்த மதிப்பீடு வாற வருசம்தான்."

"சரி, வாற வருசம் செய்."

அவள் நண்டின் மூடியை விரலால் தடவினாள்.

அவள் முன்னேஸ்வரத்துப் பிள்ளை. அப்பாவுக்குக் கோயிலடியில் மாலை கட்டும் வேலை. ஏழு மாதத்துக்கு முன் உடப்புக்கு மருமகளாக வந்தாள். கலியாணப் பேச்சின்போதே தான் படிப்பை முடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். சதீசுக்கு அதில் சந்தோசம். அவனுடைய அம்மா இரஞ்சிதம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வருசத்தோட முடிஞ்சிரும்தானே?" முடிந்துவிடும் என்று மயூரதி எல்லோர் முன்னிலையிலும் தலையாட்டினாள்.

மாமி கெட்டவரில்லை. விடிய எழும்பி மருமகள் பஸ்ஸுக்குப் போகுமுன் சோறும் கறியும் கட்டிக் கொடுப்பார். ஆனால் அதிகம் கதைக்கமாட்டார். நண்டைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. "உன்ட படகு வேலை எப்ப முடியும்?" கடந்த மூன்று வாரமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார், வாரத்துக்கு இரண்டு தரமாவது. ஒவ்வொரு தடவையும் மயூரதியின் காதுக்குள் ஒரு கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுவது போல இருக்கும். இன்னொரு வருடம் தாருங்கள் என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் தனக்கில்லை என்பது அவளுக்குத் தெரியும். சதீஸ் கேட்பான். கேட்டு, தாயும் மகனும் முகம் திருப்பிக்கொள்வார்கள். அதற்குத் தான் காரணமாக இருக்கக்கூடாது. ஆகவே வியாழக்கிழமை ஓடாவிட்டால் படிப்பு அதோடு சரி. இதை அவள் சதீசிடம் சொல்லவில்லை. மடியிலிருந்த நண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

புதன்கிழமை காலை எட்டரைக்கே றிஸ்லா பாலாவியிலிருந்து வந்து இறங்கினாள். மாமி கரைவலைப் பங்கு பிரிக்கும் இடத்துக்குப் போயிருந்தார். மாமா தம்பிமுத்து கடலிலிருந்து இன்னும் வரவில்லை.

"ராவெல்லாம் தூக்கமில்ல புள்ள," என்றாள் றிஸ்லா. "எங்கட உம்மா கேக்குறாங்க, ஒனக்கும் அந்தப் பொட்டிக்கும்தான் நிக்காஹ் செஞ்சி வெச்சீக்கிதா எண்டு."

"தண்ணியை விடு. இண்டைக்கு நிலத்தில பாப்பம்," என்றாள் மயூரதி. "நீ கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவால நட. நான் போனில எண்ணைக் கேக்கிறன்."

முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு அதில் நண்டை வைத்தாள். பெட்டிக்குள் ரேடியோ மொடியூலின் சின்னப் பச்சை விளக்கு மினுங்குகிறதா என்று பார்ப்பதற்காக மூடியைக் கழற்றி, பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அன்டெனாவும் உள்ளேதான் இருந்தது. பேனாமூடி நீளத்தில் ஒரு கம்பிச் சுருள். வெளியே நீட்டினால் உப்புக்காற்று ஒரு மாதத்தில் அரித்துவிடும் என்று அதைப் பெட்டிக்குள் மூடிக்குக் கிட்ட நிறுத்தியிருந்தார்கள்.

றிஸ்லா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

"அம்பது... அம்பத்தி நாலு... கடையடிக்கு வந்திட்டன், அறுபத்தி ரெண்டு."

"இன்னும் போ."

"இன்னும் போனா கடல் புள்ள. இந்தா, போட் எல்லாம் இழுத்து வெச்சீக்கிற எடத்துல நிக்கிறன். அறுபத்தி ஒம்பது."

மயூரதி எழுந்து நின்றுவிட்டாள். அது நூற்றைம்பது மீற்றருக்குக் குறையாது. நேற்று முப்பதில் செத்த சாமான்.

"அப்ப எங்கட சாமான்ல ஒரு பிழையும் இல்ல," என்று போனில் றிஸ்லா கத்தினாள். "கொளத்துலதான் ஏதோ ஈக்கிது!"

"வா, வா. பண்ணைக்குப் போவம்."

மயூரதி மூடியைப் பூட்டி நான்கு பக்கக் கொளுக்கிகளையும் அழுத்தினாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. றிஸ்லாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"புள்ள, இப்ப நீ என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்லியே."

"இல்ல, என்னமோ செஞ்சீக்கிற. எல்லாம் நிண்டு போச்சி."

"மூடியைத்தான் பூட்டினன்."

"தொற."

திறந்தாள்.

"அறுபத்தி எட்டு. பூட்டு."

பூட்டினாள்.

"மவுத்து."

கல்லூரி மேசையில் அவர்கள் எப்போதும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்தார்கள். குளத்தில் விடும்போது எப்போதும் பூட்டினார்கள். அதனால்தான் இரண்டு நாளாகக் குளத்தைச் சந்தேகித்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் மூடி ரேடியோ அலையை மறிக்காது. போன வியாழக்கிழமையும் இதே மூடிதானே.

றிஸ்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். குசினியிலிருந்து ஓர் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியை எடுத்துவந்து அதைப் பெட்டியின் மேல் பிடித்துப் பார்த்தார்கள். நன்றாகக் கேட்டது. சொந்த மூடியை வைத்தார்கள். எண் தடாலென்று விழுந்தது.

மயூரதி மூடியைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பவள்போல் ஆட்டினாள். பாரமாக இருந்தது. அதிகமில்லை. ஆனால் எட்டு மாதமாகத் தூக்கிப் பழகிய கைக்குத் தெரிந்தது. மூடியின் உட்பக்கத்தில், வியர்க்கும் நீர் மின்சுற்றுகளின் மேல் சொட்டாதிருக்க அவளே ஒட்டிய ஸ்பொஞ்ச் துண்டு இருந்தது. அதன் ஒரு மூலை புதிய செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அந்த டேப் அவள் ஒட்டியது அல்ல.

மெல்ல உரித்தாள்.

உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு. அதில் கோடுகள், கட்டங்கள், கட்டங்களுக்குள் எழுத்துகள். ஓரமெல்லாம் குங்குமம்.

றிஸ்லா இரண்டடி பின்னால் போனாள். "அல்லாஹ்வே. புள்ள, இது சூனியம். யாரோ ஒனக்கு சூனியம் வெச்சீக்கிறாங்க."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் ஈக்கிறன். அந்தப் பொட்டிய இந்த ஊட்டுக்குள்ள யாரு தொட்ட?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சதீசுக்கு இதெல்லாம் தெரியாது. மாமா வீட்டுக்கு வருவது சோற்றுக்கும் தூக்கத்துக்கும்தான். எப்ப முடியும், எப்ப முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், முடியாமல் செய்வதற்கே வழி பார்த்தாரா? செம்புத் தகடு அன்டெனாவை மறித்தது என்பது அவளுக்கு விளங்கியது. மந்திரமில்லை, பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் வைத்த மனம் என்ன மனம் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தகட்டைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல் அவளுடைய பெயர். மயூரதி. அதற்குக் கீழே அவளுடைய நட்சத்திரம்.

"பேரும் போட்டீக்கிது," என்று றிஸ்லா முணுமுணுத்தாள். அவளுக்கே அழுகை வரும்போல இருந்தது.

படலை திறந்த சத்தம் கேட்டது. இரஞ்சிதம் இடுப்பில் மீன்கூடையோடு உள்ளே வந்தார். மருமகளின் கையிலிருந்ததைக் கண்டார். கூடையைப் பொத்தென்று கீழே வைத்தார்.

"ஐயோ புள்ள, அதை ஏன் எடுத்த?"

மயூரதி தகட்டை நீட்டினாள். "இது என்ன மாமி?"

"என்னவா? போட்டுக்கு வைக்கிற தகடு." அவருடைய முகத்தில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை. எடுத்ததுதான் பிழை என்ற பதற்றம் மட்டுமே இருந்தது. "இந்த வீட்டில தகடு வைக்காம ஒரு புதுப் படகும் தண்ணியில இறங்கினதில்ல. ஒரே ஒருதரம் அவசரத்தில இறக்கினது. உன்ட மாமா இஞ்சின் நிண்டு ரெண்டு நாள் கடல்ல கிடந்தார். கற்பிட்டிப் பக்கத்து ஆக்கள் கண்டு இழுத்துக்கொண்டு வந்து போட்டாங்க. அந்த ரெண்டு நாளை நான் மறப்பனா?"

"ஆனா... என்ட பேர் எழுதியிருக்கு."

"படகை ஓட்டுற ஆளின்ட பேர்தானே எழுதுறது. அவர்ட போட்டில அவர்ட பேர் இருக்கு. உன்ட படகில உன்ட பேர். கோயில் அய்யர் எத்தினை தரம் கேட்டார், எப்ப வேலை முடியும், நாள் பாக்க வேணும் எண்டு. உன்னட்டக் கேட்டா, இந்தா அந்தா எண்டுறாய். கடைசியா சனிக்கிழமை காலம்பற நீ குளிக்கப் போன நேரம் வைச்சன்."

மயூரதி மெதுவாகக் கதிரையில் உட்காரப்போனாள். நண்டு அதில் இருப்பதை மறந்துவிட்டாள். றிஸ்லா பாய்ந்து நண்டை இழுத்தெடுத்தாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே மாமி."

"படிக்கிற புள்ள. கேட்டா சிரிப்பாய் எண்டு நினைச்சன்." இரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மற்றது, இதை அணியத்தில வைக்கிறதுதான் முறை. படகின்ட முன்பக்கம், பலகைக்குக் கீழ. உன்ட படகை நான் சுத்திச் சுத்திப் பாத்தன். ரெண்டு குழாய், ரெண்டு பக்கமும் ஒரே மூடி. எது அணியம் எண்டு ஒரு மண்ணும் விளங்கல்ல. பின்பக்கத்தில வைச்சிட்டா அது வேற வில்லங்கம். அதான் எதுக்கும் பொதுவா மேல இருக்கட்டும் எண்டு மூடியில வைச்சன்."

றிஸ்லாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்லமுடியாத சத்தம். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. அதைப் பார்த்து மயூரதியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது.

"சிரிப்பாய் எண்டுதானே சொன்னன்," என்றார் இரஞ்சிதம், கோபிப்பதா என்று தெரியாமல்.

"இல்ல மாமி, அதுக்கில்ல..." எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டாலும் குறிப்பேட்டில் எழுதத்தானே வேண்டும். அவள் மாமியின் கையைப் பிடித்துப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கம்பிச் சுருளைக் காட்டினாள். "இதுதான் படகுக்கு வாயும் காதும். இதாலதான் கரையோட கதைக்கிறது. செம்பு இதுக்கு மேல வந்தா அதுக்குக் கதைக்கேலாது. அதான் ரெண்டு நாளா நடுக் குளத்தில நிண்டுபோச்சு."

இரஞ்சிதத்தின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்னாலயா? நீ சோறு தின்னாமத் திரிஞ்சது என்னாலயா?"

"தகட்டில பிழையில்ல மாமி. இடத்திலதான் பிழை."

"ஆன்டி," என்று றிஸ்லா இடையில் புகுந்தாள், "நீங்க அதுட வாயைப் பொத்திட்டீங்க. அவ்வளவுதான்."

இரஞ்சிதம் அவளையும் நண்டையும் பார்த்தார். "இந்த வீட்டில என்ட வாயைப் பொத்த ஒரு ஆள் இல்ல. நான் இந்தச் சாமானின்ட வாயைப் பொத்தியிருக்கிறனே," என்று சொன்னவர், தானே சிரித்துவிட்டார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து மயூரதி கண்டதில்லை. முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருந்தது என்பதே அன்றுதான் தெரிந்தது.

"சரி. இப்ப சொல்லு. இதுக்கு எது அணியம்?"

மயூரதி ஒரு பக்கத்தைக் காட்டினாள். அதே நேரத்தில் றிஸ்லா மற்றப் பக்கத்தைக் காட்டினாள்.

"பாத்தியா," என்றார் இரஞ்சிதம்.

மோட்டர்களின் வயர்களை வைத்துப் பார்த்ததில் மயூரதி சொன்னதுதான் சரி. குளத்தில் நண்டைத் திருப்பும்போதெல்லாம் றிஸ்லா இடது வலது மாற்றி அமுக்கி வரம்பில் முட்டவைத்ததற்கான காரணமும் அப்போதுதான் வெளியில் வந்தது. தூரத்தில் நிற்கும்போது அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியவில்லை. வெட்கத்தில் சொல்லவில்லை.

தகட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஒரு குழாயின் முன்பக்க மூடிக்குள், அன்டெனாவுக்கு எட்டாத தூரத்தில் ஒட்டினார்கள். ஒட்டியதும் றிஸ்லா கைப்பெட்டியோடு மறுபடி கடற்கரைக்கு ஓடினாள். மூடி பூட்டியபடியே இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மயூரதி மூச்சைப் பிடித்தாள். பக்கத்தில் இரஞ்சிதமும் பிடித்தார்.

"அறுபத்தி ஒம்பது!" என்று போன் கத்தியது. "அல்ஹம்துலில்லாஹ், அறுபத்தி ஒம்பது!"

"அது நல்லதா?" என்று மாமி கேட்டார்.

"நல்லது மாமி. நல்லது." அவள் மாமியின் தோளில் நெற்றியை வைத்தாள். மீன்கவிச்சியும் வியர்வையும் மணத்த அந்தத் தோள் ஒரு கணம் விறைத்தது. பிறகு ஒரு கை வந்து அவள் முதுகைத் தட்டியது.

பகல் சாப்பாட்டுக்கு வந்த சதீசுக்கு எல்லாவற்றையும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போய், மாமாவின் போட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் டின்னைத் தேடி எடுத்துவந்தான். முன்பக்கக் குழாய் மூடிகள் இரண்டிலும் இரஞ்சிதம் தன் விரலால் பெரிய பொட்டுகளாக வைத்தார்.

"இப்ப ஆருக்கும் சந்தேகம் வராது," என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மதிப்பீட்டுக்காகக் கல்லூரியிலிருந்து இரண்டு சேர்மார் பண்ணைக்கு வந்தார்கள். காற்று முதல்நாளைவிடக் கடுமையாக இருந்தது. துடுப்புச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்று அவற்றை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மயூரதி தங்கூசி நூலை அவிழ்த்து வரம்பில் போட்டாள். சதீஸ் அவளைப் பார்த்து, "நூல் வேணாமா?" என்று கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நண்டு புறப்பட்டது. முப்பது மீற்றரை அது தாண்டும்போது மயூரதியின் கை தானாக றிஸ்லாவின் முழங்கையைப் பிடித்தது. அறுபத்தொன்று. நாற்பது மீற்றர். அறுபத்து மூன்று. உப்பு, பிராணவாயு, சூடு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுந்தன. அக்கரை வரம்பில் நண்டு மெல்ல முட்டி நின்றது. சிவப்புப் பொட்டுகள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. றிஸ்லா திருப்பினாள். பொட்டுகள் இரண்டும் வட்டமடித்து இந்தப் பக்கம் திரும்பி, வெயிலில் பளபளத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தன.

மூத்த சேர் குறிப்பேட்டை வரிவரியாக வாசித்தார். எட்டாவது வரியில் விரல் நின்றது.

"மூடியின் உட்புறத்தில் செப்புத் தகடு. இதை ஆர் வைச்சது?"

இரஞ்சிதம் மின்பெட்டிக் கொட்டிலின் பக்கத்தில், தேத்தண்ணீர் பிளாஸ்க்கை அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கேள்வி அவருக்கும் கேட்டது. பிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எங்கட வீட்டில சேர்," என்றாள் மயூரதி. "புதுப் படகுக்கு வைக்கிற வழக்கம். எங்கட படகில எது முன்பக்கம் எண்டு பாத்தாத் தெரியாது. அதால மூடியில வைச்சிட்டாங்க. பிழை எங்கட வடிவமைப்பிலதான்."

சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மூடியைச் சந்தேகப்பட உங்களுக்கு ரெண்டு நாள் எடுத்திருக்கு."

"ஓம் சேர்."

"மேசையில திறந்து வைச்சு, தண்ணியில பூட்டிச் சோதிச்சா எப்பிடிப் பிடிபடும்? ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரி வைச்சுத்தான் சோதிக்க வேணும்."

"ஓம் சேர்."

"தகடு இப்ப எங்க?"

"அணியத்தில சேர்."

"ம்," என்று, வேறெங்கே இருக்கும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு அவர் எழுதினார். மற்றச் சேர் நண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை. அறிக்கையைத் திங்கக்கிழமைக்குள்ள தாங்க. அதோட உங்கட படிப்பு முடிஞ்சுது," என்றார்.

றிஸ்லா வரம்பிலேயே குந்திவிட்டாள். சதீஸ் வேறு பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை மிகக் கவனமாகப் பார்ப்பவன்போல் நின்று, கண்ணைத் துடைத்தான். மயூரதிக்கு அது தெரிந்தது. கிட்டப் போய் அவனுடைய சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஆர் அழுதது?"

"பணிஸ் சாப்பிட்டனான்," என்றான்.

சேர்மாருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு இரஞ்சிதம் வந்தார். ஈரமாகக் கிடந்த நண்டைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"முடிஞ்சுது மாமி," என்றாள் மயூரதி. "நீங்க கேட்டுக்கொண்டிருந்தீங்களே."

"ஓம், கேட்டன். எல்லாரும் சொன்னாங்க, பொம்பிளப் புள்ளைக்கு இது சரிவராது, நடுவில விட்டிட்டு வந்திரும் எண்டு. எனக்கு அதான் பயம். தொடங்கினதை நடுக்கடல்ல விடக்கூடாது." பொட்டுகளில் பட்ட சேற்றை விரலால் தேய்த்தார். "இனி என்ன செய்யப் போறீங்க ரெண்டு பேரும்?"

மயூரதி றிஸ்லாவைப் பார்த்தாள். இனி என்பதைப் பற்றி இருவரும் யோசித்திருக்கவே இல்லை.

"கடல்ல போற மாதிரிப் பெரிசா ஒண்டு செய்யலாம் ஆன்டி," என்று றிஸ்லா குந்தியபடியே சொன்னாள்.

"செய்யுங்க," என்றார் இரஞ்சிதம். "ஆனா எது அணியம் எண்டு இந்தமுறை என்னட்ட முதலே சொல்லிப்போடுங்க."